பள்ளி உணவு பிள்ளையின் வயிற்றுக்குப் போகிறதா: கவனித்து நடத்தும் முறை

பள்ளி உணவுத் திட்டத்தை நடத்துபவர்களிடம் கணக்குக் கேட்டால், இத்தனை பேருக்குச் சமைத்தோம், இத்தனை தட்டு பரிமாறினோம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பரிமாறியதெல்லாம் உண்ணப்பட்டதாகிவிடாது. எவ்வளவு சத்தான உணவாக இருந்தாலும், பாதி கழிவு வாளிக்குப் போனால் அந்தப் பாதியால் பிள்ளைக்குப் பயனில்லை. ஆகவே இந்த வழிகாட்டி சாப்பிட்டு முடித்த தட்டிலிருந்து தொடங்குகிறது. தலைமையாசிரியர், உணவுப் பொறுப்பாசிரியர், பெற்றோர் குழுவினர் என யாரும் இதைச் செய்யலாம். ஒரு தராசு, சில வாளிகள், ஒரு குறிப்பேடு, உணவின் சூட்டை அளக்கும் வெப்பமானி ஒன்று இருந்தால் போதும்.

முதலில், தொடர்ந்து ஐந்து பள்ளி நாள்களுக்கு மிச்சத்தை எடைபோடுங்கள். பாத்திரத்தில் மிஞ்சியதையும் தட்டில் மிஞ்சியதையும் ஒரே வாளியில் கொட்டக் கூடாது. முன்னது அளவுக்கு அதிகமாகச் சமைத்ததைக் காட்டும். பின்னது பிள்ளைகள் உண்ணவில்லை என்பதைக் காட்டும். இரண்டுக்கும் தீர்வு வேறு. முடிந்தால் தட்டு மிச்சத்தில் காய்கறியைத் தனியாகப் பிரித்து, வெற்று வாளியின் எடையைக் கழித்து, அன்றைய உணவு வகை, உண்டவர் எண்ணிக்கை, பரிமாறத் தொடங்கிய நேரம் ஆகியவற்றோடு சேர்த்து எழுதி வையுங்கள். வாளிக்குப் பக்கத்தில் ஆசிரியர் யாரும் நிற்க வேண்டாம். ஒரு பள்ளியில் நானே அப்படி நின்று, காய்கறி மிச்சம் திடீரெனக் குறைந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். மறுநாள் உணவுக்கூடத்தின் பின்பக்கச் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தபோதுதான் அத்தனையும் எங்கே போயிற்று என்று தெரிந்தது.

மிச்சத்துக்குக் காரணம் சுவைதான் என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். பல இடங்களில் உண்மைக் காரணம் நேரம். வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, மணி அடித்த நேரம், தட்டோடு அமர்ந்த நேரம், எழுந்த நேரம் மூன்றையும் குறியுங்கள். தட்டோடு அமர்ந்த பிறகு குறைந்தது 20 நிமிடமாவது உண்பதற்குக் கிடைக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. இடைவேளை 35 நிமிடம் என்று கால அட்டவணையில் இருக்கும். கைகழுவலும் வரிசையும் அதில் 20 நிமிடத்தை விழுங்கியிருந்தால், கடைசிப் பிள்ளைக்கு எஞ்சுவது 15 நிமிடமே. கைகழுவும் இடத்தையும் இதேபோலக் கணக்கிடுங்கள். ஒரு பிள்ளை சோப்புப் போட்டு 20 நொடி தேய்த்து அலச ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். 4 குழாய்களில் 120 பேர் என்றால் 15 நிமிடம் அங்கேயே கழிந்துவிடும். சோப்புத் தேய்ப்பதைக் குழாயடியிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, அலசுவதற்கு மட்டும் குழாயை விட்டுக்கொடுத்தால் இந்த நேரம் பாதிக்கும் கீழே குறையும். வகுப்புகளைப் பத்து நிமிட இடைவெளியில் அனுப்புவதும், பரிமாறும் இடத்தை இரண்டாக்குவதும் பெரிய செலவில்லாத மாற்றங்கள். விளையாட்டு நேரத்தை உணவுக்கு முன்னால் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. உண்ட பின் விளையாட்டு என்றால், மைதானத்தை நினைத்துக்கொண்டே பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறார்கள்.

நேரம் போதுமானதாக இருந்தும் காய்கறி மிஞ்சினால், அப்போது சுவையைப் பாருங்கள். புதிய காயை ஒரு பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்து முறை வரைகூட அதைச் சுவைக்க வேண்டியிருக்கும் என்பதால், சிறு அளவில், வற்புறுத்தாமல், அடிக்கடி வைப்பதே வழி. காயை முடித்தால் இனிப்பு உண்டு என்று ஆசை காட்டாதீர்கள். காய் என்பது தண்டனை என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்ளும். ஆசிரியர் அதே உணவை அதே இடத்தில் அமர்ந்து உண்பது இதைவிடப் பயன் தரும்.

சமையற்கட்டுக்குச் செல்லும்போது வெப்பமானியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சமைக்கும் உணவின் நடுப்பகுதி 70 பாகை செல்சியசைத் தொட வேண்டும், பரிமாறும் வரை 60 பாகைக்கு மேல் இருக்க வேண்டும், சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பவை உலக சுகாதார நிறுவனத்தின் நெறிகள். பாத்திரத்தின் ஓரத்தில் அளந்தால் ஏமாந்துபோவோம். நடுவிலும் ஆழத்திலும் அளக்க வேண்டும். ஆறிப்போய் நெடுநேரம் கிடந்ததை மீண்டும் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது, ஏனெனில் சில நுண்ணுயிரிகள் விட்டுச்செல்லும் நச்சு கொதிநிலையிலும் அழிவதில்லை. பரிமாறுவதற்கு முன் பெரியவர் ஒருவர் சுவைத்துப் பார்க்கும் வழக்கம் நல்லதுதான். அது உப்பையும் புளிப்பையும் காட்டுமே தவிர, கிருமியைக் காட்டாது.

சத்தைப் பொறுத்தவரை சில சிறு திருத்தங்களே பெரும் பயன் தரும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து வைட்டமின் சி உள்ள காயோ பழமோ அதே வேளையில் சேர்ந்தால் கூடுதலாக உறிஞ்சப்படும். உணவோடு தேநீர் குடித்தால் குறையும். அயோடின் கலந்த உப்பை மூடிய பாத்திரத்தில் வைத்து, சமையல் முடியும் தறுவாயில் போட வேண்டும்.

உடல்நலக் கண்காணிப்பு என்றதும் உயரமும் எடையும் அளப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதை ஆண்டுக்கு இருமுறை, பிறர் காதில் எண் விழாதபடி செய்து, 5 முதல் 19 வயது வரையிலானோருக்காக உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். பெரியவர்களுக்கான உடல் நிறை எண் (எடையை உயரத்தோடு ஒப்பிடும் BMI) வரம்பு பிள்ளைகளுக்குப் பொருந்தாது. இரத்தசோகைப் பரிசோதனையைச் சுகாதாரப் பணியாளரே செய்ய வேண்டும். 5 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. குடற்புழு பரவலாக உள்ள பகுதி என்றால், புழுநீக்க மாத்திரையை ஆண்டுக்கு ஒருமுறையா இருமுறையா கொடுப்பது என்பதையும் அவர்களே முடிவுசெய்வார்கள்.

இவற்றுக்கு இடைப்பட்ட நாள்களில் தட்டே பல செய்திகளைச் சொல்லும். கடித்து மெல்ல வேண்டியதை மட்டும் நாள்தோறும் ஒதுக்கும் சிறுமிக்குச் சொத்தைப்பல் இருக்கலாம். அவளை அடம்பிடிப்பவள் என்று திட்டுவதற்கு முன் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பாலை எப்போதும் ஒதுக்கும் பையனுக்கு அதைக் குடித்தால் வயிறு உப்பிப் போகிறதா என்று கேளுங்கள். வார விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் மட்டும் இரண்டு மூன்று முறை கேட்டு வாங்கி அவசரமாக உண்ணும் பிள்ளையின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதைப் பெற்றோரிடம் தனியே, பக்குவமாக விசாரிக்க வேண்டும். இலவசமாக உண்பவருக்கும் பணம் கட்டி உண்பவருக்கும் தனித்தனி வரிசை இருந்தால் அதை இன்றே எடுத்துவிடுங்கள். பசியோடு வெட்கத்தையும் சுமக்கும் பிள்ளை வரிசைக்கே வராது, அதனால் அந்தப் பிள்ளை மிச்சக் கணக்கிலும் தென்படாது.

ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் பரிமாறுபவரின் கண்ணெதிரே இருக்கட்டும். நிலக்கடலை, பால், முட்டை, மீன், கோதுமை, எள் ஆகியவை ஒவ்வாமைக்கு முக்கியக் காரணங்கள். உண்டபின் உதடு வீங்கி மூச்சுத் திணறினால், அட்ரினலின் ஊசி கைவசம் இருந்தால் போட்டு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சற்று நேரம் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

ஒரு மாதம் கழித்து, முதல் முறை சமைத்த அதே உணவு வகைகள் வரும் ஐந்து நாள்களைத் தேர்ந்து மீண்டும் எடைபோடுங்கள். அந்தக் கணக்கை முதலில் சமையலர்களிடம் காட்டுங்கள். எந்த நாளில் காய் முற்றலாக வந்தது, எந்த நாளில் அடுப்பு தாமதமாகப் பற்றியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.