இரண்டாம் திரையில் காணாமல் போன எடை

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்காகப் பைத்தானில், திரைகளை உருவாக்க உதவும் டிகின்டர் நூலகம் கொண்டு சிறு நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். முதல் திரையில் பார்ட்டி பெயரையும் துணியின் எடையையும் பதிந்து பொத்தானை அழுத்தினால், அதே விவரங்களுடன் டெலிவரி சலான் இரண்டாம் திரையில் திறக்க வேண்டும். ஆனால் 240 கிலோ என்று பதிந்த பிறகும் சலானில் எடைக் கட்டம் வெறுமையாகவே நின்றது. பிழைச்செய்தி எதுவும் வராததுதான் பெருந்தொல்லை.

எடையை வைத்திருந்த மாறியை பிரின்ட் செய்து பார்த்தால், 240 பத்திரமாகவே இருந்தது. இரண்டாம் திரையையும் நான், நிரலின் முதன்மைச் சாளரத்தைத் திறக்கும் டிகே() என்றே உருவாக்கியிருந்தேன், கோளாறு அதுதான். ஒவ்வொரு டிகேயும் தனக்கெனத் தனி டிசிஎல் இன்டர்பிரெட்டரை (டிகின்டருக்கு அடியில் சாளரக் கட்டளைகளை இயக்கும் பகுதியை) தொடங்குகிறது. எந்தச் சாளரத்தைச் சேர்ந்தது என்று குறிப்பிடாமல் உருவாக்கும் ஸ்ட்ரிங்வார் (கட்டத்தில் தெரியும் மதிப்பை வைத்திருக்கும் டிகின்டர் மாறி) முதலில் திறந்த சாளரத்தோடு சேர்ந்துகொள்வதால், இரண்டாவதில் உள்ள கட்டம் அதே பெயரில் தன்னிடமுள்ள வெற்று மாறியையே காட்டுகிறது. இத்தனைக்கும் நான் அதுவரை சந்தேகப்பட்டது பொத்தானை!

இரண்டாம் திரையின் டிகேயை, அதே இன்டர்பிரெட்டரிலேயே கூடுதல் சாளரம் திறக்கும் டாப்லெவல் என்று மாற்றியதும் எடை வந்துவிட்டது. கூடவே, நிரலின் எந்தப் பகுதியும் தொடக்கூடியவையாக அங்கங்கே சிதறிக் கிடந்த குளோபல் மாறிகளை நீக்கி, ஆர்டர் விவரம் முழுவதையும் ஒரே ஆப்ஜெக்டில் வைத்து, ஒவ்வொரு திரையும் உருவாகும்போதே அதைப் பெற்றுக்கொள்ளுமாறு அமைத்தேன். சாய நிறத்தையும் சலானில் காட்டச் சொல்லிப் பட்டறைக்காரர் பிறகு கேட்டபோது, சில வரிகளிலேயே வேலை முடிந்தது.