ஒன்றரை மணி நேரம் பேசுவதை நிறுத்துங்கள்: இணையவழிப் பாடத்தை மாற்றியமைக்க ஒரு செய்முறை

உதகையில் ஒரு கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். ஒரு தாளை முதன்முதலாக முழுக்க இணையவழியில் எடுத்த பருவத்தில் ஒன்றரை மணி நேரம் விடாமல் பேசினேன். திரையில் 38 கறுப்புக் கட்டங்கள். "புரிகிறதா?" என்றால் மூன்று பேர் "யெஸ் மேடம்" என்று தட்டிவிடுவார்கள். மஞ்சூர் மாணவி ஒருத்தி வீட்டில் சிக்னல் இல்லாததால் சாலை வளைவில் குடை பிடித்து நின்று கேட்டிருக்கிறாள் என்பது பருவம் முடிந்த பிறகே தெரிந்தது. புத்தகத்திலேயே இருந்த ஒன்றைக் கேட்க அவளை மழையில் நிற்க வைத்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது. அதன்பின் மாற்றிக்கொண்ட முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: உங்கள் வேலையைப் பிரித்து எழுதுங்கள்

விளக்குவது, விவாதம் நடத்துவது, திருத்துவது, காணாமல் போனவரை விசாரிப்பது. வகுப்பறையில் இந்த நான்கையும் ஒரே மூச்சில் செய்துவிடுகிறோம். இணையவழியில் இவை தனித்தனி வேலைகள். தொலைநிலையில் பாடம் நடத்தும் பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி 1971இல் பாடம் தொடங்கியபோதே பாடம் எழுத ஒரு குழு, மாணவர்களோடு பேசித் திருத்தப் பயிற்றுநர்கள் என்று பிரித்துக்கொண்டது. நமக்கு அத்தனை ஆள் கிடையாது. ஆகவே நாட்களாகப் பிரியுங்கள்: பருவம் தொடங்குமுன் விளக்கப் பதிவுகள், திங்களன்று கேள்வி, வியாழனன்று நேரலை, சனிக்கிழமை திருத்தம்.

படி 2: விளக்கத்தைச் சுருக்குங்கள்

ஒரு பதிவு, ஒரு கருத்து, பத்து நிமிடம். காணொளியோடு குரல் பதிவும் கொடுங்கள். நொடிக்கு 32 கிலோபிட் அளவில் சேமித்தால் பத்து நிமிடக் குரல் பதிவு இரண்டரை எம்பிக்குள் அடங்கிவிடும். பஸ் நிலையத்தில் நிற்கும்போதே இறக்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் நீங்களே பதிவு செய்ய வேண்டியதில்லை. 2017 முதல் இயங்கும் மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் நல்ல விளக்கங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிகள் ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை அங்கே படிக்க இடம் தருகின்றன. விளக்கம் வேறிடத்தில் கிடைக்கும். உரையாடலை நாம்தான் தர வேண்டும்.

படி 3: கேள்வியை மாற்றுங்கள்

என் அனுபவத்தில் எல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது. "தேவை நெகிழ்ச்சியை வரையறுக்க" என்று கேட்டிருந்தேன். விலை மாறும்போது மக்கள் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் அது. 38 பேரும் ஒரே வரையறையை நகல் எடுத்து அனுப்பினார்கள். அடுத்த பருவத்தில் இப்படிக் கேட்டேன்: "மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் வரத்து இரண்டு மடங்கானால் விலை பாதியோடு நிற்குமா, அதற்கும் கீழே போகுமா? உங்கள் வீட்டில் கேட்டுவிட்டு எழுதுங்கள்."

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படகர் சிற்றூர்) ஒன்றிலிருந்து ஒரு மாணவன் குரல் பதிவு அனுப்பினான். பின்னால் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம். பிடுங்கும் கூலி, கழுவும் கூலி, லாரி வாடகை மூன்றையும் கூட்டினால் விற்ற பணம் போதாது என்று அவன் அப்பா ஒரு பாத்தியை அப்படியே விட்டுவிட்டாராம். "விலை இறங்கினால் மக்கள் கூடுதலாக வாங்குவார்களே?" என்று ஒருத்தி கேட்டாள். "ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை கேரட் சமைப்பார்கள்?" என்று இன்னொருத்தி திருப்பிக் கேட்டாள். நெகிழ்ச்சி குறைந்த தேவை என்ற கருத்து நான் வாய் திறக்காமலே அங்கே வந்து நின்றது.

கற்பவருக்குப் பாடத்தோடு ஒரு உறவு, ஆசிரியரோடு ஒன்று, சக மாணவரோடு ஒன்று என்று தொலைநிலைக் கல்வி அறிஞர் மைக்கேல் மூர் 1989இல் மூன்றாகப் பிரித்தார். மூன்றாவதற்கு இடம் கொடுப்பது கேள்விதான்.

படி 4: மாணவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள்

ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துவிடுங்கள். ஒருவர் விவாதத்தைத் தொடங்கட்டும், ஒருவர் மறுத்துப் பேசட்டும், ஒருவர் ஊரிலிருந்து சான்று கொண்டுவரட்டும், ஒருவர் எல்லாவற்றையும் அரைப் பக்கத்தில் தொகுக்கட்டும், ஒருவர் வராதவரை அழைத்துப் பேசட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுழற்றுங்கள். மறுப்பவர் பொறுப்பை வாயாடிக்குக் கொடுத்துவிடாதீர்கள். கூச்சமுள்ளவருக்கு முதலில் கொடுங்கள். மறுப்பது தன் கடமை என்று ஆகிவிட்டால் அவருக்குத் துணிவு வந்துவிடுகிறது.

படி 5: ஒரு நாள் பொறுங்கள்

ஒரு மாணவர் சந்தேகம் எழுப்பியதும் பதில் சொல்லக் கை பரபரக்கும். ஆசிரியர் பதில் வந்த இடத்தில் விவாதம் முடிந்துவிடும். 24 மணி நேரம் மற்றவர்களுக்கு விடுங்கள். தவறான கருத்து பரவினால் மட்டும் உடனே திருத்துங்கள். அரைப் பக்கத் தொகுப்புகளைப் படித்துவிட்டு நேரலைக்கு வாருங்கள். சிக்கிய இடங்களை மட்டும் பேசினால் 40 நிமிடம் போதும்.

படி 6: மதிப்பெண்ணும் மௌனமும்

அகமதிப்பீட்டில் ஒரு பகுதியைப் பொறுப்புகளுக்கு ஒதுக்குங்கள். எத்தனை முறை எழுதினார் என்று எண்ணாதீர்கள். எண்ணினால் "அருமை", "ஆம்" என்று நிரம்பிவிடும்.

இரண்டு வாரமாக எதுவும் எழுதாதவர்களைக் கைபேசியில் அழையுங்கள். ஏன் எழுதவில்லை என்று தொடங்காமல், எந்த நேரத்தில் சிக்னல் கிடைக்கிறது என்று கேளுங்கள். கூடலூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன், விடியற்காலை ஐந்து மணிக்கு என்றான். அவனுடைய குழுவுக்கு மட்டும் கெடு நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணிக்கு மாறியது. அடுத்த வாரத் தொகுப்பு 5.40க்கு வந்து சேர்ந்தது.