ஒரு கால்குலேட்டரும் ஓர் ஈர்ப்பலையும்: பேரண்டம் விரியும் வேகத்தை நீங்களே கணக்கிடலாம்

பேரண்டம் எவ்வளவு வேகமாக விரிகிறது? நீளம், அகலம், உயரம் தவிர வேறு பரிமாணம் உண்டா? இரண்டையும் ஒரே நிகழ்வை வைத்துச் சோதிக்கலாம். பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

2017 ஆகஸ்ட் 17 அன்று, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த பெரிய விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்கள்) ஒன்றையொன்று சுற்றி மோதியதால் வெளியில் பரவிய அதிர்வை, அதாவது ஈர்ப்பலையை, அமெரிக்காவின் லைகோ கருவிகள் சுமார் 100 விநாடிகள் பதிவுசெய்தன. அலை முடிந்த 1.7 விநாடியில் காமா கதிரும் வந்தது. அன்றே சிலியிலுள்ள தொலைநோக்கி ஒன்று இடத்தைக் கண்டுபிடித்தது: என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலம்.

முதல் படி, தூரம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். விண்மீன்கள் நெருங்க நெருங்க வேகமாகச் சுற்றும். அலையின் சுருதியும் ஏறும். எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று பார்த்தால் அவற்றின் நிறை தெரிந்துவிடும். நிறை தெரிந்தால், கிளம்பும்போது அலைக்கு எவ்வளவு வலு இருந்தது என்பதும் தெரியும். வந்து சேர்ந்த வலுவை அதோடு ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும்: 43.8 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் என்பது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு). ஒளியை நம்பினால் பக்கத்து விண்மீனை வைத்து அடுத்ததை, அதை வைத்து அதற்கடுத்ததை என்று படிப்படியாக அளக்க வேண்டும்; ஒரு படியில் பிழை வந்தால் மேலே எல்லாம் பிழை. இங்கே அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாம் படி, வேகம். விரிவினால் அந்த மண்டலம் விலகும் வேகம் விநாடிக்கு 3017 கிலோமீட்டர். அதை 43.8ஆல் வகுங்கள். 68.9 வருகிறதா? சரி. ஒவ்வொரு மெகாபார்செக் தூரத்துக்கும் விலகும் வேகம் விநாடிக்கு இத்தனை கிலோமீட்டர் கூடுகிறது; பேரண்டம் விரியும் வேகம் இதுதான். சுற்றுத்தளம் நம்மை நோக்கி எவ்வளவு சாய்ந்திருந்தது என்று உறுதியாகத் தெரியாததால் தூரம் 36.9 முதல் 46.7 வரை இருக்கலாம். அவற்றாலும் வகுத்துப் பாருங்கள்: 82, 65. பேரண்டத்தின் ஆதி ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோள் தந்த 67.4, ஒளி கூடிக் குறையும் செபீட் விண்மீன்களும் வெடிக்கும் விண்மீன்களான சூப்பர்நோவாக்களும் தந்த சுமார் 73 இரண்டுமே இதற்குள் அடங்கும். எது சரி என்று சொல்ல இன்னும் பல மோதல்கள் வேண்டும்.

அப்புறம் மூன்றாம் படி, பரிமாணம். ஒளி நம் வெளிக்குள்ளேயே நிற்க, ஈர்ப்பு மட்டும் ஐந்தாம் பரிமாணத்துக்குக் (காலம் நான்காவது) கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். கசிவால் வலு குறைந்த அலை, உள்ளதைவிடத் தொலைவிலிருந்து வருவதுபோலத் தோன்றும். ஒளி காட்டும் தூரம் 40.7 மெகாபார்செக். கசிவு 10 மெகாபார்செக்கில் தொடங்கினால், தூரம் எத்தனை மடங்கு கூடித் தோன்றும் என்று அறிய 40.7ஐ 10ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 2 மடங்கு. அதாவது ஈர்ப்பலை 82 மெகாபார்செக் என்று காட்டியிருக்க வேண்டும். காட்டியதோ 43.8. அந்த அளவு கசிவு இல்லை. கசிவு நூற்றுக்கணக்கான மெகாபார்செக் தாண்டித்தான் தொடங்கும் என்றால், அதைப் பிடிக்க இதைவிடத் தொலைவில் ஒளியோடு சேர்ந்த மோதல் ஒன்று சிக்க வேண்டும்.