வீட்டில் பேகல்: செட்டிநாட்டு வெயிலில் செய்யக்கூடாத தவறுகள்

மாவை வளையமாக்கி, வெந்நீரில் போட்டெடுத்து, பிறகு ஓவனில் சுடும் ரொட்டிதான் பேகல். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டில் அதைச் சுட்டுப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே மாதிரிக் குறைகள்தான் வருகின்றன. வட்டமாக உருட்டி வைத்தது தட்டையாகிவிடுகிறது, வெந்நீரில் போட்டதும் சுருங்கிவிடுகிறது, கடித்தால் பேக்கரி பன் மாதிரி மெத்தென்று இருக்கிறது. உடனே பழி ஓவன்மேல் விழும். புது ஓவன் வாங்குவதற்கு முன்னால் மாவைப் பாருங்கள். பேகல் கெடுவது அநேகமாக ஓவனுக்குள் போவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். மாவில் தண்ணீர் கூடிப்போயிருக்கும், அல்லது மாவு அளவுக்கு மீறிப் பொங்கியிருக்கும். நம் ஊரில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

காரணம் இருக்கிறது. பேகல் குளிர்நாட்டுப் பண்டம். போலந்தின் கிராக்கோவ் நகர யூதச் சமூகத்தின் 1610-ஆம் ஆண்டு விதிகளிலேயே, பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கும் பண்டங்களில் ஒன்றாக அது வருகிறது. அங்கிருந்து குடிபெயர்ந்தவர்களோடு நியூயார்க்குக்கும் மான்ட்ரியலுக்கும் போனது. அந்த ஊர்க்காரர்கள் எழுதும் செய்முறையில் ‘மாவை அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள்’ என்றால், அந்த அறை 21 அல்லது 22 டிகிரியில் இருக்கும். சித்திரை மதியத்தில் நம் அடுப்படி 35-க்குக் குறையாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈஸ்ட் வேலை செய்யும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அவர்கள் சொல்லும் ஒரு மணி நேரம் நமக்கு அரை மணிக்கும் குறைவு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மாவு

முதலில் மைதாப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 100 கிராமில் எவ்வளவு புரதம் என்று போட்டிருப்பார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண மைதாவில் அது பெரும்பாலும் 10 கிராமை ஒட்டி இருக்கும். பேகலுக்கு 12-க்கு மேல் வேண்டும். அந்தப் புரதம் தரும் இழுவைதான் பேகலின் உயிர். 485 கிராம் மைதாவோடு 15 கிராம் குளூட்டன் பொடி (கோதுமையின் புரதம்) கலந்தால் கணக்கு சரியாகிவிடும். இந்தப் பொடி இணையத்திலும், கேக் செய்யும் பொருள் விற்கும் கடைகளிலும் கிடைக்கிறது. கோதுமை மாவில் புரதம் அதிகம்தானே, முழுக்க அதிலேயே செய்தால் என்ன என்று தோன்றும். அதிலுள்ள தவிடு குளூட்டன் இழைகளை அறுத்துவிடும். பேகல் கட்டியாக வரும். ஆசைப்பட்டால் கால் பங்கு சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நான் நம்பும் அளவு இது: குளூட்டனும் சேர்த்து மாவு 500 கிராம், தண்ணீர் 270 மில்லி, உப்பு 10 கிராம், நாட்டுச் சர்க்கரை 15 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் தலைதட்டி ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 3 கிராம். இதில் 8 பேகல் வரும். மேல்நாட்டில் பார்லி மால்ட் பாகு சேர்ப்பார்கள். நாட்டுச் சர்க்கரையோ, கரைத்து வடிகட்டிய கருப்பட்டியோ அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். பணியாரத்துக்கு உழக்கில் அளக்கிற பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். ஒரு கப் மைதாவை அள்ளுகிற விதத்தைப் பொறுத்து அது 120 கிராமும் இருக்கும், 150 கிராமும் இருக்கும். அந்த வித்தியாசமே பேகலை பன்னாக்கப் போதும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

நியூயார்க் தண்ணீரில்தான் நல்ல பேகல் வரும் என்று ஒரு நம்பிக்கை ரொம்ப நாளாக இருக்கிறது. அந்த ஊர்த் தண்ணீர் கடினத்தன்மை குறைந்தது என்பது உண்மைதான். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஊர்த் தண்ணீரின் பெருமை என்ன என்று தெரியும். ஆனாலும் பேகல் சரியாக வராததற்குத் தண்ணீரின் ருசி காரணமில்லை. குடிக்க நன்றாக இருக்கும் எந்தத் தண்ணீரும் போதும். எவ்வளவு விடுகிறோம், எவ்வளவு குளிர்ச்சியாக விடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்து குழாயில் வரும் மதியத் தண்ணீரில் பிசையவே கூடாது.

பிசையும்போது

இங்கேதான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். 500 கிராம் மாவுக்கு 270 மில்லி என்பது சப்பாத்தி மாவைவிடக் கெட்டி. முதல் மூன்று நிமிடம் மாவு சேரவே சேராது. தாம்பாளத்தின் அடியில் உதிரி உதிரியாகக் கிடக்கும், ஓரத்தில் ஒட்டிய மாவு உள்ளே வராது, கை வலிக்க ஆரம்பிக்கும். பக்கத்தில் நிற்கிற அப்பத்தா, “இம்புட்டு இறுக்கமாக் கெடக்கே, இன்னுங் கொஞ்சம் தண்ணி தெளியேன் ஆத்தா” என்பார். பரோட்டாவுக்கு அவர் சொல்வது சரி. பேகலுக்கு அந்த ஒரு கைத் தண்ணீர்தான் வினை.

தண்ணீர் தெளிப்பதற்குப் பதிலாக ஈரத்துணியால் மூடிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். இருக்கிற தண்ணீரே மாவு முழுக்க ஊறிவிடும். திரும்ப வந்து தொட்டால் அதே மாவா என்று இருக்கும். அப்புறம் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தித் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளுங்கள். விரல்களால் பிசைந்தால் இந்த மாவு அசையாது. உடம்பின் கனம் கைவழியே இறங்க வேண்டும். உயரமான மேடையைவிடத் தரையில் பலகை போட்டு உட்கார்ந்து பிசைவது எளிது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மேற்பரப்பு சொரசொரப்பெல்லாம் போய் வழவழப்பாகும். விரலால் அழுத்தினால் குழி மெதுவாக மேலே வரும். ஒரு துண்டு கிள்ளி இரு பக்கமும் இழுத்தால் உடனே அறுந்துவிடாமல் கொஞ்சம் மெல்லிசாக விரிய வேண்டும். அறுந்தால் இன்னும் பிசைய வேண்டும் என்று அர்த்தம்.

கிரைண்டரோடு வரும் மாவு பிசையும் கருவியில் இதைப் போட்டால் மோட்டார் திணறும், மாவும் சூடேறும். அதில்தான் செய்ய வேண்டுமென்றால் மாவை இரண்டு பாகமாக்கி, ஃபிரிட்ஜ் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள்.

பொங்கும்போது

மாவு இரண்டு மடங்கு ஆகட்டும் என்று காத்திருப்பது அடுத்த தவறு. பன்னுக்கும் பிரெட்டுக்கும் அது சரி. பேகல் மாவை அந்த அளவுக்குப் பொங்கவிட்டால் உள்ளே காற்று நிறைந்து, வெந்நீரில் போட்டவுடன் தொய்ந்துவிடும். ஓவனில் அது திரும்ப எழுந்து வராது.

நம் ஊருக்கு ஒத்துவரும் வழி, சாயங்காலம் பிசைந்து ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைப்பது. பிசைந்த மாவைப் பத்து நிமிடம் ஆறவிட்டு, நூறு நூறு கிராமாக எட்டு உருண்டை பிடித்து, வளையமாக்கித் தட்டில் அடுக்குங்கள். வெயில் காலத்தில் வெளியே இருபது நிமிடம் போதும். மார்கழி, தையில் முக்கால் மணி வரை வைக்கலாம். பழைய வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலை (கூடம்) அடுப்படியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே வைப்பது நல்லது. பிறகு எண்ணெய் தடவிய பாலிதீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, 12 முதல் 16 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மூடாமல் வைத்தால் மேலே தோல் காய்ந்து வெடிக்கும். ஃபிரிட்ஜ் கதவுப் பக்கம் வேண்டாம், அங்கே குளிர்ச்சி நிலையாக இருக்காது. மெதுவாகப் புளிப்பதால் ருசியும் கூடும். அவசரமாக ஒரே மதியத்தில் செய்த பேகலில் அந்த ருசி வரவே வராது.

தயாரா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீரில் ஒரு பேகலை மட்டும் போடுங்கள். பத்து நொடிக்குள் மிதந்தால் தயார். துடைத்துத் திரும்பத் தட்டில் வைத்துவிடலாம். மூழ்கினால் தட்டை வெளியே எடுத்து வைத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

வளையம் செய்யும்போது ஓட்டை உளுந்துவடை ஓட்டை அளவுக்கு இருந்தால் போதாது. மாவு பொங்கி, வெந்து, சுடும்போது அது மூடிக்கொள்ளும். நாலைந்து சென்டிமீட்டர் அகலம் வையுங்கள். பார்க்கப் பெரிதாகத்தான் தெரியும், இருக்கட்டும். கயிறாக உருட்டி முனைகளை ஒட்டுபவர்கள் மேடையில் மாவு தூவக் கூடாது. மாவு பட்ட முனை ஒட்டாது, வெந்நீரில் பிரிந்துவிடும்.

வெந்நீரில்

பேகலைப் பேகலாக்குவது இந்த ஒன்றரை நிமிடம்தான். இதை விட்டுவிட்டால் கிடைப்பது ஓட்டை போட்ட பன்.

அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒரு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை போடுங்கள். மான்ட்ரியலில் தேன் கலந்த நீரில் வேகவைக்கிறார்கள், நியூயார்க்கில் மால்ட் சேர்ப்பது வழக்கம். நிறம் கூட வேண்டுமென்றால் ஆப்ப சோடா ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் கசக்கும். சோடா போட்டால் அலுமினியப் பாத்திரம் கூடாது. இரண்டும் வினைபுரிந்து பாத்திரம் கறுக்கும்.

தண்ணீர் தளதளவென்று கொந்தளித்தால் பேகல் அடிபடும். ஓரமாகக் குமிழி விடும் அளவுக்குத் தீயைக் குறைத்து வைத்து, இரண்டு மூன்றாகப் போடுங்கள். போட்டவுடன் மிதக்கும். மங்கலாக இருந்த மேற்பரப்பு சில நொடியில் மினுமினுக்கும், உடம்பு கொஞ்சம் உப்பும், ஓட்டையின் உள்ளோரத்தில் மெல்லிய சுருக்கம் விழும். பக்கத்துக்கு 45 நொடி வைத்து, ஜல்லிக்கரண்டியால் திருப்பி, மறுபக்கமும் அதே நேரம். மேற்பரப்பிலுள்ள மாவுச்சத்து வெந்து தோலாக இறுகுகிறது. அந்தத் தோல் ஓவனில் மாவை இஷ்டத்துக்கு உப்பவிடாமல் பிடித்துக்கொள்வதால்தான் உள்ளே நெருக்கமும் வெளியே பளபளப்பும் வருகின்றன. அதனால் முட்டை தடவ வேண்டிய அவசியமே இல்லை. நேரம் கூடக்கூடத் தோல் தடிக்கும். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் தாண்டினால் மெல்லப் பல் வலிக்கும்.

இட்லிப் பானையில் அவித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய தொழிற்சாலைகளில் பலவும் ஆவியில்தான் வேலையை முடிக்கின்றன. அந்தப் பேகல் மெத்தென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டில் செய்யும்போது அந்தச் சமரசம் எதற்கு?

வெந்ததைக் கம்பித் தட்டில் வைத்துத் தண்ணீர் வடியவிடுங்கள். துணியில் வைத்தால் ஒட்டும், பட்டர் பேப்பரிலும் ஒட்டும். ஓவன் தட்டில் எண்ணெய் தடவி, ரவை தூவி அதன்மேல் வைத்தால் ஒட்டவே ஒட்டாது.

ஓவனில்

இங்கே சொல்ல அதிகமில்லை. ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய, 230 டிகிரியில் குறைந்தது 20 நிமிடம் சூடேறிய பிறகு உள்ளே வையுங்கள். 18 முதல் 22 நிமிடம் ஆகும். பாதி நேரத்தில் தட்டைத் திருப்புங்கள். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் என்றால் அதன் உச்ச வெப்பத்தில், கன்வெக்‌ஷனில் மட்டும் வைத்து, மூன்று நான்கு நிமிடம் கூடக் கொடுங்கள். வெளுப்பாக இருக்கும்போதே பயந்து எடுக்காதீர்கள்; நல்ல பொன்பழுப்பு வர வேண்டும்.

சின்ன ஓவனில் நாலுதான் கொள்ளும். மீதி நாலை வெளியே வைத்துக் காக்கவைத்தால் அதற்குள் பொங்கி வழிந்துவிடும். முதல் ஈடு வெளியே வரும் சமயம் பார்த்து அடுத்த ஈட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெந்நீரில் போடுங்கள்.

சுட்டதும் அறுக்க வேண்டாம், அரை மணி ஆறட்டும். சூட்டோடு அறுத்தால் உள்ளே பிசுபிசுக்கும். சூடாகப் பாலிதீன் பையில் போட்டாலும் வேர்த்துத் தோல் நமத்துவிடும். மீந்ததை ஃபிரிட்ஜில் வைப்பவர்கள்தான் அதிகம். அந்தக் குளிரில் மாவுச்சத்து சீக்கிரம் இறுகி, மறுநாளே பேகல் வறண்டுபோகும். நம் வெயிலுக்கு வெளியே ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் குறுக்கே இரண்டாக அறுத்து, காற்றுப் புகாமல் கட்டி ஃபிரீசரில் வையுங்கள். வேண்டும்போது எடுத்து, அறுத்த பக்கம் கீழே இருக்கும்படி தோசைக்கல்லில் மிதமான தீயில் சூடாக்கலாம். துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரில் உப்பும் பொடித்த மிளகும் கலந்து தடவிச் சாப்பிடுங்கள்.