ஹைபிரிட் ஆம்ப்பில் வால்வு மாற்றுவது எப்படி?

கோத்தகிரியில் ஐப்பசி பிறந்தால் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். போன ஐப்பசியில் என் ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபையர்) இடது ஸ்பீக்கர் கரகரக்க ஆரம்பித்தது. வால்வு, அதாவது அதில் இருக்கும் கண்ணாடிக் குழாய், போய்விட்டது என்று நினைத்துப் புது ஜோடி வரவழைத்து மாற்றினேன். கரகரப்பு போகவில்லை. சாக்கெட்டில் ஈரம் ஏறிக் களிம்பு பிடித்திருந்தது. அதனால்தான் செலவில்லாத சோதனையை முதலில் சொல்கிறேன்.

ஹைபிரிட் என்றால் சிக்னல் நுழையும் இடத்தில் சின்ன வால்வு, ஸ்பீக்கரை இயக்கும் இடத்தில் டிரான்சிஸ்டர். முழு வால்வு ஆம்ப்பில் பவர் வால்வு மாற்றினால் பயஸ் (வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) பார்க்க வேண்டியிருக்கும். இதில் பெரும்பாலும் அந்த வேலை இல்லை.

முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். குறைந்தது அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். வால்வு ஆறுவதற்கு மட்டுமல்ல, கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். பல ஆம்ப்புகளில் வால்வுக்கு 100 வோல்ட்டுக்கு மேல் போகிறது. மூடியைத் திறந்தால்தான் வால்வு தெரியும் என்றால், உள்ளே வேறு எதிலும் விரல் படக்கூடாது.

அடுத்து, கண்ணாடியை மெல்லிய துணியால் பிடித்து, லேசாக அசைத்து அசைத்து நேர் மேலே இழுங்கள். திருகாதீர்கள், பின் (கம்பிக் கால்) வளைந்தால் அதன் அடியில் கண்ணாடி விரிசல் விடும். வெறும் விரலால் தேய்த்தால் மேலே அச்சிட்ட எண் அழிந்துவிடும், அதற்காகவும்தான் துணி. உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வுக்கு வேறு சோதனை வேண்டாம்.

பூச்சு நன்றாக இருந்தால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பின்களைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். சாக்கெட்டில் நாலைந்து முறை மெதுவாகச் செருகி எடுத்தாலே களிம்பு உரிந்துவிடும். மலையில் இருப்பவர்கள் இதை வருஷம் ஒருமுறை செய்தால் நல்லது.

அப்புறம் இடது வால்வை வலதிலும், வலதை இடதிலும் போட்டுக் கேளுங்கள். கரகரப்பு வலது ஸ்பீக்கருக்கு மாறினால் வால்வுதான் கெட்டது. இடதிலேயே நின்றால் சாக்கெட்டோ வேறு பாகமோ காரணம். இரண்டும் ஒரே எண்ணாக, சேனலுக்கு (இடது, வலது பக்கத்துக்கு) ஒன்றாக இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும்.

வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். ஈசிசி83-ம் 12ஏஎக்ஸ்7-ம் ஒன்றுதான். ஈசிசி82 என்றால் 12ஏயூ7. ஆனால் ஈசிசி88 வேறு. அதுவும் ஒன்பது பின்தான், சாக்கெட்டில் அழகாக உட்காரும். ஆனால் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் கம்பி) இணைப்பு ஒத்துப்போகாது. ஈசிசி83-இல் ஒன்பதாவது பின் ஹீட்டரின் நடு இணைப்பு, ஈசிசி88-இல் அது உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டுக்கு. உட்காருகிறதே என்று போட்டுவிடாதீர்கள்.

பின்களின் வட்டத்தில் ஓர் இடைவெளி அகலமாக இருக்கும். அதைச் சாக்கெட்டின் இடைவெளியோடு பொருத்தி, நேராக அழுத்துங்கள். ஒலியளவைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்யுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு வால்வுகளும் ஆரஞ்சு நிறத்தில் மங்கலாக ஒளிரும். பிறகு ஒலியளவைக் கொஞ்சமாக ஏற்றி, பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியை மெல்லத் தட்டுங்கள். லேசான டிக் சரி. மணி அடித்ததுபோல் ரீங்காரம் நீண்டால் அந்த வால்வைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள்.

பழைய ஜோடியில் நன்றாக இருப்பதை, கழற்றிய தேதி எழுதிப் பெட்டியில் வையுங்கள். அடுத்த மழையில் சோதித்துப் பார்க்க உதவும்.