வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆங்கில நிகழ்காலம் கற்பித்தல்

காரைக்குடி வட்டாரத்தில் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வருபவர்கள் தேர்வுக்காக வருவதில்லை. கானாடுகாத்தானில் வெளிநாட்டவருக்குப் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டுபவர், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்பவர், விடுதியில் சமைக்கும் ஆச்சி, ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுபவர் ஆகியோருக்குத் தங்கள் தொழிலைப் பற்றிப் பத்து வாக்கியம் பிழையின்றிப் பேச வேண்டும், அவ்வளவே. இவர்கள் முன் நான்கு நிகழ்காலங்களையும் அட்டவணையாக எழுதிப் போடுவது வீண்வேலை.

முதல் வகுப்பை ஆங்கிலத்தில் தொடங்காமல் தமிழில் தொடங்குங்கள். நன்னூல் கிறு, கின்று, ஆநின்று என்பவற்றை நிகழ்கால இடைநிலைகளாகக் கூறினாலும், அன்றாட வழக்கத்தைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் எதிர்கால வடிவத்தையே நாடுகிறோம். 'தினமும் ஒன்பது மணிக்குக் கடை திறப்பேன்' என்று நினைப்பவர் அதை 'ஐ வில் ஓப்பன் த ஷாப் டெய்லி' என்று சொல்வது இதனால்தான். இது கவனக்குறைவன்று, தமிழின் ஒழுங்கை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதால் வரும் பிழை. இதை வெளிப்படையாகச் சொன்னாலே வளர்ந்தவர்களின் கூச்சம் பாதி குறைந்துவிடும். பிறகு 'திறப்பேன்', 'திறந்துகொண்டிருக்கிறேன்' என்ற இரண்டையும் பலகையில் அருகருகே எழுதி, வழக்கமாகச் செய்வதற்கு 'ஐ ஓப்பன்', இந்த நேரத்தில் கை செய்துகொண்டிருப்பதற்கு 'ஐ ஆம் ஓப்பனிங்' என்று பிரித்துக் காட்டுங்கள்.

இந்த வேறுபாட்டை விளக்கிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. டைல்ஸ் போடுபவரை முன்னே அழைத்து, வேலை எப்படி நடக்கும் என்று கைகட்டி நின்றபடி சொல்லச் சொல்லுங்கள்: கண்ணாடியின் மேல் அச்சை வைக்கிறோம், வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றுகிறோம், மேலே மணலும் சிமென்டும் கலந்து போடுகிறோம், பின்னர் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறோம். கை அசையாத வரையில் எல்லாம் 'வீ போர்', 'வீ ட்ரை' என்றே வர வேண்டும். அடுத்து ஒரு கண்ணாடித் துண்டையும் கிண்ணத்தையும் கையில் கொடுத்து, ஊற்றுவதுபோல் செய்துகொண்டே பேசச் சொன்னால், அப்போது மட்டும் 'ஐ ஆம் போரிங்'. சமையல் ஆச்சிக்கு இதையே மசாலா அரைப்பதை வைத்துச் செய்யலாம். கை நின்றவுடன் வடிவமும் மாற வேண்டும் என்ற விதியை ஒரு வாரம் விடாமல் பழக்குங்கள்.

'ஐ ஆம் ஓப்பனிங்' போன்ற தொடர் வடிவம் பிடிபட்டவுடன் எல்லா வினைக்கும் அதைச் சேர்க்கத் தொடங்குவார்கள். 'எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்' என்பது 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்' ஆகிவிடும். (ஆங்கிலம் படித்தவர்கள் பலரும் இப்படித்தான் பேசுகிறோம் என்பதால் இதில் மாணவரை மட்டும் குறை சொல்ல முடியாது.) 'நோ' (தெரியும்), 'வான்ட்', 'லைக்' போன்ற நிலையைக் குறிக்கும் வினைகளோடு உடைமையைக் குறிக்கும் 'ஹேவ்' என்பதையும் சேர்த்துத் தனியே எழுதி ஒட்டிவிடுங்கள். 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரிதானே என்று ஒருவர் கேட்பார். அங்கே அந்தச் சொல் உண்ணும் செயலைக் குறிப்பதால் சரி.

படர்க்கை ஒருமையில் வரும் 'எஸ்' சிறு விஷயம்போலத் தோன்றினாலும் கடைசிவரை தொல்லை தரும். பெயரில் 'எஸ்' பன்மைக்கு, வினையிலோ ஒருமைக்கு என்பதே குழப்பத்துக்குக் காரணம். வருகிறான், வருகிறாள், வருகிறது என்று வினையின் ஈற்றை மாற்றிப் பழகிய நமக்கு அந்த எண்ணம் புதிதன்று என்று நினைவூட்டி, 'த கார்வர் ஒர்க்ஸ்', 'த கார்வர்ஸ் ஒர்க்' என்று இணையாகச் சொல்லவையுங்கள். கேள்வியில் 'டஸ்' வந்தால் 'எஸ்' அதனோடு போய்விடும்: 'டஸ் ஹி ஒர்க் ஹியர்?'

நிறைவு வடிவங்களில் இப்போதைக்கு ஒன்று போதும். 'இருபது வருஷமாக இந்தக் கடை நடத்துகிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் பீன் ரன்னிங் திஸ் ஷாப் ஃபார் 20 இயர்ஸ்' என்றே சொல்ல வேண்டும். பழம்பொருள் வாங்க வருபவர் அநேகமாகக் கேட்கும் கேள்விக்கு இதுவே விடை என்பதால், இலக்கணம் விளக்காமல் முழு வாக்கியமாகவே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். வருடக் கணக்கை மட்டும் அவரவர் மாற்றிக்கொள்ளட்டும்.