மொய் சாப்ட்வேர ஊருக்கே குடுக்கப் போறீங்களா? லைசென்ஸ எழுதி வச்சுட்டு குடுங்க

போன தை மாசம் சித்தப்பா பொண்ணு கல்யாணத்துக்கு மொய் எழுத ஒரு சின்ன சாப்ட்வேர் பண்ணேன், பைத்தான்ல, பின்னாடி எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், பேரு ஊரு தொகை தட்டுனா போதும், ராத்திரியே ஊர்வாரியா மொத்தம் பிரிண்ட் எடுத்துரலாம், முப்பது வருஷமா மொய் நோட்டு எழுதுற மாமாவே "நல்லாத்தான்ப்பா இருக்கு"ன்னு சொல்லிட்டாக. அத அப்படியே கிட்ஹப்ல (புரோகிராம் கோட போட்டு வைக்கிற வெப்சைட்) பப்ளிக்னு போட்டுட்டு மறந்துட்டேன்.

நாலு மாசம் கழிச்சு தேவகோட்டைலருந்து ஒரு தம்பி போன். "அண்ணே, ஒங்க மொய் புரோகிராம எங்க கோயில் புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவுன்னு வாங்குறது) கணக்குக்கு மாத்திக்கலாம்னு பாக்குறேன், ஆனா லைசென்ஸே காணமே, எடுக்கலாமா கூடாதா?" நான் "அட சும்மா கெடக்குறதுதானப்பா, எடுத்துக்க"ன்னேன். அவன் விடல. "நீங்க வாயால சொல்றீக, நாளைக்கு நான் இன்னொருத்தருக்கு குடுத்தா அவரு யாரண்ணே கேப்பாரு?"

நியாயமான கேள்விதான். அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிச்சு ஒரு வாரம் தப்புத்தப்பா பண்ணி கத்துக்கிட்டதுதான் இது.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், பப்ளிக்னு போட்டா எல்லாருக்கும் பொதுன்னு அர்த்தம் இல்ல. 1957 காப்பிரைட் சட்டப்படி கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பு கணக்குலதான் வருது (நம்ம மொய் புரோகிராம் இலக்கியம்னா ஆச்சி சிரிப்பாக, ஆனா சட்டம் அப்படித்தான்). எழுதுன நிமிஷமே காப்பிரைட் ஒங்களுக்கு வந்துரும், பதிவு பண்ணணும்னு கூட இல்ல, ஒங்க ஆயுசு முழுக்க, அதுக்கப்புறம் 60 வருஷம். கானாடுகாத்தான்ல தெருவுல நின்னு பெரிய வீட்டு முகப்ப எவ்வளவு நேரம் வேணா பாக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக, அதுக்காக உள்ள போயி வளவுல பாய் விரிச்சு படுக்க முடியுமா? லைசென்ஸ் இல்லாத ரெப்போ (கிட்ஹப்ல ஒரு புரோகிராமோட கோட் மொத்தமும் இருக்குற எடம்) அதுதான். கிட்ஹப் விதிப்படி மத்தவுக பாக்கலாம், அந்த தளத்துக்குள்ளயே ஃபோர்க் (தன் கணக்குல ஒரு நகல்) பண்ணிக்கலாம், அதுக்கு மேல ஒங்க எழுத்துல அனுமதி வேணும். அந்த அனுமதிச் சீட்டுதான் லைசென்ஸ்.

சரி எந்த லைசென்ஸ்னு பாய்றதுக்கு முன்னாடி, குடுக்குற பொருள் மொத்தமும் ஒங்களதுதானான்னு பாருங்க. நான் சறுக்குனது இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன்.

வேலை பாக்குற கம்பெனிக்காக எழுதுனதுன்னா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும், சட்டப்படி மொத ஓனர் கம்பெனிதான், நீங்க இல்ல. அத லைசென்ஸ் போட்டுக் குடுக்க ஒங்களுக்கு உரிமையே கெடையாது, மொதல்ல கேட்டு எழுதி வாங்குங்க.

அடுத்து எழுத்துரு. பிரிண்ட் அழகா வரட்டும்னு கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ல ஒருத்தரு குடுத்த சிடிலருந்து ஒரு ஃபான்ட் எடுத்து ரெப்போக்குள்ளயே போட்டிருந்தேன். அது யாரோ காசுக்கு விக்கிற ஃபான்ட். என் புரோகிராமுக்கு நான் லைசென்ஸ் குடுக்கலாம், அடுத்தவன் ஃபான்டுக்கு நான் எப்படி குடுக்குறது? தூக்கிட்டு நோட்டோ சான்ஸ் தமிழ் வச்சேன். அது எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்ல இருக்கு, சாப்ட்வேரோட சேத்துக் குடுக்கலாம், ஃபான்ட மட்டும் தனியா விக்கக் கூடாது, அதோட லைசென்ஸ் ஃபைலயும் கூடவே வைக்கணும், அவ்ளோதான்.

அதவிட பெரிய கூத்து டேட்டா. டெஸ்ட் பண்றதுக்குன்னு அந்த கல்யாணத்து மொய் லிஸ்டயே ஒரு சிஎஸ்வி ஃபைலா போட்டிருந்தேன், யாரு 501, யாரு 2001, யாரு வெறும் 101னு மொத்தமும் இன்டர்நெட்ல. எங்க பக்கம் இது எவ்வளவு பெரிய வம்புன்னு சொல்லவே வேணாம், பங்காளிக்குள்ள பத்து வருஷம் பேச்சு நின்னுரும். ஃபைல அழிச்சு கமிட் பண்ணா (அந்த மாத்தத்த பதிஞ்சா) போச்சுன்னு நெனச்சேன், போகல, கிட் (கிட்ஹப்புக்கு அடியில மாத்தங்கள பதிஞ்சு வைக்கிற சாப்ட்வேர்) பழைய கமிட்ல எல்லாத்தயும் பத்திரமா வச்சிருக்கும். ஃபில்டர்-ரெப்போன்னு ஒரு டூல் இருக்கு, பழைய ஹிஸ்டரிலருந்தே கழுவி எடுக்கும். எனக்கு பொறுமை இல்ல, பழைய ரெப்போவ டெலீட் பண்ணிட்டு சுத்தமான காப்பிய புதுசா போட்டேன். பாஸ்வேர்டு ஏதாவது உள்ள இருந்தாலும் இதே கதைதான், அதுக்கு மேல பாஸ்வேர்டயும் மாத்திருங்க.

இப்ப லைசென்ஸ் வகை. நூத்துக்கணக்குல இருக்கு, ஆனா நம்மள மாதிரி ஆளுகளுக்கு ரெண்டு கட்சிதான். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 இதெல்லாம் தாராளக் கட்சி, என் பேர அழிச்சுறாத, மத்தபடி என்ன வேணா பண்ணிக்க, மூடி வச்சு வித்தாலும் சரின்னு சொல்லும். எம்ஐடி ஒரு பக்கம் கூட வராது, படிச்சா புரியும். அப்பாச்சி கொஞ்சம் நீளம், ஆனா பேட்டன்ட் அனுமதியும் சேத்து எழுதியிருக்கு. இன்னொரு கட்சி ஜிபிஎல், நீ மாத்தி அடுத்தவனுக்கு குடுத்தா நான் ஒனக்கு குடுத்த அதே உரிமைய நீயும் அவனுக்கு குடு, சோர்ஸயும் (மனுஷன் படிச்சு திருத்துற மூல கோட்) சேத்துக் குடு. லினக்ஸ் கெர்னல் 1991ல வந்த ஜிபிஎல் ரெண்டாம் வெர்ஷன்ல இருக்கு, மூணாவது 2007ல வந்துச்சு. ஒரு ஓட்டை இருக்கு, ஒருத்தன் ஒங்க புரோகிராம வெப்சைட்டா சர்வர்ல ஓட்டுனா அது "குடுத்த" கணக்குல வராது, சோர்ஸ் காட்ட வேண்டியதில்ல, அந்த ஓட்டைய அடைக்கத்தான் ஏஜிபிஎல்.

நான் எம்ஐடி போட்டுரலாம்னுதான் இருந்தேன். அப்புறம் பாத்தா ஸ்கிரீனுக்கு நான் எடுத்தது பைக்யூடிங்குற லைப்ரரி (அடுத்தவுக எழுதி வச்ச ரெடிமேட் கோட்), அது ஜிபிஎல் மூணு, இல்லன்னா காசு குடுத்து வாங்கணும். அத சேத்துக் குடுக்கணும்னா மொத்தப் பொட்டலமும் ஜிபிஎல் விதிக்கு கட்டுப்பட்டுத்தான் போகணும். எல்ஜிபிஎல்ல (ஜிபிஎல்லோட கொஞ்சம் தளர்ந்த வகை) இருக்குற பைசைடுங்குற லைப்ரரிக்கு மாறலாம், வேலை இருக்கு, மாறல. யோசிச்சா எனக்கும் ஜிபிஎல்தான் மனசுக்கு ஒத்து வந்துச்சு, தேவகோட்டைக்காரன் திருத்துனா அந்த திருத்தம் பள்ளத்தூருக்கும் போகட்டுமே. நீங்க என்ன லைப்ரரி எடுத்தீங்கன்னு ஒவ்வொண்ணா பாத்துட்டு முடிவு பண்ணுங்க, அப்பாச்சி 2.0 கோட் ஜிபிஎல் மூணோட சேரும், ஜிபிஎல் ரெண்டு மட்டும்னு இருக்குறதோட சேராது, இப்படி சின்னச் சின்ன சிக்கல் இருக்கு.

"யாரும் வியாபாரத்துக்கு பயன்படுத்தக் கூடாது"ன்னு ஒரு வரி சேக்கலாமான்னு எல்லாரும் கேக்குறாக. சேத்தா அது ஓப்பன் சோர்ஸ் (சோர்ஸ யாரு வேணா எடுத்து, திருத்தி, பகிரலாம்னு விடுறது) இல்ல. எது ஓப்பன் சோர்ஸ்னு வரையறுக்குற ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ்ங்குற அமைப்போட பத்து விதில எந்த வேலைக்கு பயன்படுத்துறதயும் தடுக்கக் கூடாதுன்னு ஒண்ணு. ஜிபிஎல் போட்டாலும் கடைக்காரரு 2000 ரூபாய்க்கு விக்கலாம், ஆனா வாங்குனவருக்கு சோர்ஸ் குடுக்கணும், அவரு அத ஊருக்கே ஓசில குடுத்தா தடுக்க முடியாது. அப்படி இருக்கப்ப எத்தனை நாளைக்கு விப்பாரு? அப்புறம் கிரியேட்டிவ் காமன்ஸ சாப்ட்வேருக்கு போடாதீங்க, அந்த அமைப்பே வேணாம்னுதான் சொல்லுது, ஒங்க யூசர் கைடுக்கு, படத்துக்கு போட்டுக்கங்க.

முடிவாச்சா, இனி கை வேலை, பத்து நிமிஷம். கிட்ஹப்ல புது ஃபைல் உருவாக்குங்க, பேரு லைசென்ஸ்னு இங்கிலீஷ் பெரிய எழுத்துல, பின்னாடி எக்ஸ்டென்ஷன் வேணாம். கடைசிக்கு முன்னாடி எஸ்ஸா சியான்னு கொழம்ப வேணாம், ரெண்டையும் கிட்ஹப் புரிஞ்சுக்கும். பேர் அடிச்ச ஒடனே பக்கத்துல டெம்ப்ளேட் பட்டன் வரும், தேர்ந்தெடுத்தா முழு வாசகமும் வந்து விழுந்துரும். அந்த வாசகத்துல கை வைக்காதீங்க. கல்யாணத்துக்கு இசைபிடிமானம் (ரெண்டு வீட்டாரும் எழுதுற கல்யாண ஒப்பந்தம்) எழுதுறப்ப பேரும் ஊரும் தேதியும்தான மாறும், வாசகத்த நம்ம இஷ்டத்துக்கா மாத்துறோம்? ஜிபிஎல் வாசகத்துக்குள்ளயே, இத நகல் எடுக்கலாம், மாத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கு.

அப்புறம் ஒவ்வொரு சோர்ஸ் ஃபைல் தலைமாட்டுலயும் ரெண்டு வரி, கமென்டா, இங்கிலீஷ்லயே அடிங்க:

காப்பிரைட், வருஷம், ஒங்க பேரு
எஸ்பிடிஎக்ஸ்-லைசென்ஸ்-ஐடென்டிஃபையர்: ஜிபிஎல்-3.0-ஆர்-லேட்டர்

எஸ்பிடிஎக்ஸ்ங்குறது லைசென்ஸ் பேர சுருக்கி எழுதுற பொது முறை. சீர் பாத்திரத்துல விலாசம் வெட்டுற மாதிரிதான் இது, வாளி எந்த வீட்டு விசேஷத்துக்கு போனாலும் யாரு வீட்டுதுன்னு தெரியணும், ஃபைல் ஒண்ணு மட்டும் தனியா பிச்சுக்கிட்டு எங்க போனாலும் யாரு எழுதுனது என்ன அனுமதின்னு கூடவே போகும். "ஆர் லேட்டர்"னா நாளைக்கு நாலாவது வெர்ஷன் வந்தா அதுலயும் எடுத்துக்கலாம்னு அர்த்தம், பிடிக்கலன்னா "ஒன்லி"ன்னு போடுங்க. ரீட்மீலயும் (ரெப்போ முன்னாடி வைக்கிற அறிமுக ஃபைல்) ஒரு வரி, எந்த லைசென்ஸ், எந்த ஃபான்ட், எந்த லைப்ரரி, அது எந்த லைசென்ஸ்னு.

ஒண்ணு மட்டும் அவசரம், இதெல்லாம் அடுத்தவுக கை வைக்கிறதுக்கு முன்னாடியே பண்ணிருங்க. எதுவும் எழுதி வாங்கலன்னா, ஒருத்தரு பத்து வரி எழுதிக் குடுத்தா அந்த பத்து வரிக்கு காப்பிரைட் அவருக்குத்தான், பின்னாடி லைசென்ஸ மாத்தணும்னா அவர் சம்மதமும் வேணும். நம்ம ஊர்ல எத்தனை வீடு பூட்டிக் கெடக்கு, ஓடு சரிஞ்சு மழை ஒழுகுது, விக்கவும் முடியாம இடிக்கவும் முடியாம, ஏன்னா நாப்பது பங்காளி கையெழுத்து வேணும், அதுல பாதி பேரு மலேசியாலயும் சிங்கப்பூர்லயும். ரெப்போவும் அந்த கதி ஆகிரும். அதே மாதிரி ஒரு வெர்ஷன ஒரு தடவ குடுத்துட்டா, வாங்குனவுக கையிலருந்து அந்த உரிமைய திரும்பப் பிடுங்க முடியாது, அடுத்த வெர்ஷன வேணா வேற மாதிரி விடலாம்.

தேவகோட்டை தம்பி போன வாரம் புள்ளி வரி பகுதிய எழுதி அனுப்பிச்சான். ஆயிரம் வரிக்கு மேல இருக்கும், காப்பிரைட் வரில என் பேர மட்டும் அப்படியே விட்டிருந்தான். "ஒன் பேரு எங்கப்பா?"ன்னு கேட்டேன். "போடலாமாண்ணே?"ன்னான். என் வரிக்கு கீழ இன்னொரு வரி சேத்து அவன் பேர நானே அடிச்சேன், விலாசத்தோட.